மூன்று வண்டிகளும் என் இடது காலும்

எங்களில் யாரும் கண்ணால் பார்த்திராத மூன்று கார்களுக்காக நாங்கள் மூன்று பேர் சில வருடமாகச் சண்டை போட்டு வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சண்டை ஆரம்பிக்கும். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டின் மேல் இருக்கிற ஒரு வீல் அலைன்மெண்ட் கடைதான் இடம். அன்றைக்குக் கடை லீவு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கார்களை ஏற்றி நிறுத்துகிற மேடையின் விளிம்பில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொள்வோம்.

கடை அண்ணாச்சியுடையது. நாற்பது வயது இருக்கும். ஊருக்கே அண்ணாச்சி என்பதால் எனக்கும் அண்ணாச்சி. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், தினமும் ராஜபாளையம் வந்து போகிறார். இன்னொருவன் என் பெரியப்பா மகன். ராஜபாளையத்திலிருந்து தளவாய்புரத்துக்கு மினி பஸ் ஓட்டுகிறான். மூன்றாவது ஆள் நான்.

கார்கள் மூன்றும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளிவந்தவை. வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒன்று இத்தாலியில் செய்தது, ஒன்று இங்கிலாந்தில், ஒன்று ஜெர்மனியில். மூன்றிலும் பெட்ரோல் இன்ஜினோடு மின்சார மோட்டாரும் உண்டு. விலை எல்லாம் கோடிக்கணக்கில். அவற்றுக்குப் பின் எத்தனையோ புது வண்டிகள் வந்துவிட்டன. ஆனால் முதலில் எவற்றுக்காகச் சண்டை போட்டோமோ அவற்றை விட முடியவில்லை. கம்பெனிப் பெயரையெல்லாம் நாங்கள் சொல்வதில்லை. கிரிக்கெட் அணியைச் சொல்வதுபோல நாட்டுப் பெயர்தான். அண்ணனுக்கு இத்தாலிக்காரன். அண்ணாச்சிக்கு இங்கிலாந்துக்காரன். எனக்கு ஜெர்மன்காரன்.

நான் இதற்குள் வந்தது மொழிபெயர்க்கத்தான். வெளிநாட்டுக்காரர்கள் அந்தக் கார்களை ஓட்டிப் பார்த்து ஒப்பிட்டுப் பேசுகிற வீடியோக்களை அண்ணன் போனில் பார்ப்பான். படம் புரியும், பேச்சு புரியாது. அப்போது நான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா பஞ்சாலையில் பேல் மூட்டை தூக்குகிறவர். அம்மா பேண்டேஜ் துணி சுற்றப் போகிறவள். இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை என்னைக் கொண்டுவிடும்போதுதான் மிதித்தார்கள். அண்ணன் எட்டாவதோடு நிறுத்திவிட்டு லாரிக்குக் கிளீனராகப் போனவன். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தது எனக்கு மட்டும். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

"ஏட்டி, இவன் என்ன சொல்லுதான்? மூஞ்சியப் பாத்தா நல்லா இருக்குங்கான் போல. வாய் வேற என்னமோ பேசுது" என்று அண்ணன் போனை நீட்டுவான்.

நான் சொல்வேன். கொஞ்ச நாளில், சொல்வதோடு நிற்காமல், வீடியோவில் பேசுகிறவன் எங்கே தப்பாகச் சொல்கிறான் என்றும் சொல்ல ஆரம்பித்தேன். அண்ணாச்சி கடையில் எனக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

அண்ணனுடைய கட்சி எளிமையானது. "பன்னெண்டு சிலிண்டர்ட்டி. டர்போ கிடையாது, ஊதி விடுத சோலி கிடையாது. காலு எம்புட்டு கேக்குதோ அம்புட்டு குடுக்கும்." இதைச் சொல்லிவிட்டு அந்த இன்ஜின் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவான். கியர் மாறுகிற இடத்தில் தோளும் குலுங்கும். "மோட்டார் இருக்குல்லா, அது சாம்பார்ல பெருங்காயம் மாதிரி. இருக்குன்னு தெரியணும், தனியா வாயில கடிபடக் கூடாது."

"அந்தப் பெருங்காயத்த வச்சி ஒரு தெருவாவது தாண்டுமாண்ணே? பெட்ரோல் இல்லாம உன் இத்தாலிக்காரன் வீட்டு வாசலை விட்டு நகர மாட்டான்" என்பேன் நான். என் ஜெர்மன்காரன் விடிகாலையில் யாரையும் எழுப்பாமல் பேட்டரியிலேயே ஊரைத் தாண்டிவிடுவான். முன்சக்கரத்துக்கு ஒரு மோட்டார். பின்னால் இன்ஜினும் இன்னொரு மோட்டாரும். வளைவில் பின்சக்கரங்களும் கொஞ்சம் திரும்பிக் கொடுக்கும். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு சக்தி என்று நொடிக்குள் கணக்குப் போட்டுப் பங்கு வைக்கும். கொஞ்சம் கனம்தான், ஆனால் வளைவில் அந்தக் கனத்தைக் காட்டிக்கொள்ளாது.

"அது காரா, டிரான்ஸ்ஃபார்மரா?" என்பான் அண்ணன். "'அபாயம்'னு ஒரு மஞ்சள் போர்டு மட்டும் மாட்டி விட்டா ஈ.பி.காரன் வந்து பீஸ் கட்ட போட்டுட்டுப் போயிருவான்."

அண்ணாச்சி சண்டையில் குரலை உயர்த்த மாட்டார். உவமையால் அடிப்பார். அவருடைய இங்கிலாந்துக்காரனுக்கு டர்போ இன்ஜின். மிதித்ததும் சக்தி உடனே வராது, செத்த நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியை மோட்டார் இட்டு நிரப்பும். இதை நான் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எம்மா, ஆடிப்பூரத்துக்கு எங்க ஊருத் தேரு நிலையில இருந்து கெளம்புதத பாத்திருக்கியா? முன்னால அம்புட்டு சனம் வடத்தப் பிடிச்சிருக்கும். ஆனா வடம் முறுக்கேறி எல்லாரும் ஒண்ணா இழுக்குதுக்கு முன்னாடி தேரு அசையாது. அப்போ பின்னால சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்புதான் பாரு, அவன்தான் மோட்டாரு. தேரு உருண்டிருச்சின்னா அவனுக்குச் சோலி முடிஞ்சுது, பொறவு வடந்தான். நீ படம் போட்டதும் இதத்தான?"

இதைத்தான். இதைவிடச் சரியாக என் பேராசிரியர் யாரும் சொன்னதில்லை என்று நான் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த உவமையை விடவில்லை.

ஆனால் பிரேக் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. ஹைப்ரிட் வண்டிகள் பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை மோட்டார் வழியாகத் திரும்ப பேட்டரிக்கு அனுப்பும். என் ஜெர்மன்காரன் அதில் கெட்டிக்காரன். இங்கிலாந்துக்காரன் வேண்டுமென்றே அதைச் செய்வதில்லை. மோட்டாரும் பிரேக்கும் சேர்ந்து பிடித்தால் பெடலில் காலுக்குக் கிடைக்கிற உணர்வு கலங்கிவிடுமாம்.

"அம்புட்டு வேகத்துல வர்ற சக்திய சூடாக்கிக் காத்துல விடுதான் அண்ணாச்சி. லைட்ட அணைக்காம வெளிய போனாலே எங்கம்மா சாமியாடுவா. உங்க ஆள என்ன செய்ய?"

"காலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல பேச்சு நடக்கையில மூணாவது ஆளு வாயத் தொறக்கக் கூடாதும்மா."

"இதெல்லாம் இன்ஜினியரிங்கா?"

"அதுக்கு மேல" என்பார். நான் சிரிப்பேன். உணர்வு, உணர்வு என்று அவர்கள் இரண்டு பேரும் சொல்லும்போதெல்லாம், கணக்கில் தோற்கிறவர்கள் ஒதுங்குகிற நிழல் அது என்று நினைத்துக்கொள்வேன்.

கடையின் பின்னறையில் எங்கள் வண்டி இருந்தது. யாரோ விற்ற விளையாட்டு ஸ்டீரிங், கீழே இரண்டு பெடல், எதிரே டிவி. உட்காருவதற்கு அண்ணன் எங்கிருந்தோ கொண்டுவந்த பழைய பஸ் சீட்டை இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தோம். விளையாட்டில் எங்கள் மூன்று கார்களும் உண்டு. ஜெர்மனியில் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிற அந்த ரேஸ் ரோடும் உண்டு. மூன்று காரிலும் கிளட்ச் பெடல் கிடையாது. கியரை ஸ்டீரிங்குக்குப் பின்னால் இருக்கிற துடுப்பை விரலால் தட்டி மாற்ற வேண்டும். உள்ளே இரண்டு கிளட்ச் இருக்கிறது, அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அதனால் வலது கால் ஆக்ஸிலேட்டரில், இடது கால் பிரேக்கில். "ரேஸ்காரன் எவனும் ஒரே கால ரெண்டு எடத்துக்கு அனுப்ப மாட்டான்" என்பது அண்ணாச்சியின் சட்டம்.

நான்தான் எங்களில் வேகம். அண்ணன் பாவம், பஸ் ஓட்டிப் பழகிய கால். ஒவ்வொரு வளைவிலும் இடது கால் கிளட்ச்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்துவிடும். அவனுடைய இத்தாலிக்காரன் பம்பரம்போல் சுற்றி மரத்தில் மோதுவான். நாங்கள் கைகொட்டிச் சிரிப்போம்.

இந்த வருடம் எனக்கு வேலை வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் கார்களை ஓட்டிச் சோதிக்கிற ஒரு டெஸ்ட் டிராக். அங்கே ஹைப்ரிட் வண்டிகளுக்கான குழுவில் டிரெய்னி இன்ஜினியர். இன்டர்வியூவில் மோட்டாரும் இன்ஜினும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்ளும், பிரேக்கிலிருந்து சக்தியை எப்படித் திரும்ப எடுப்பது என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சண்டையில் பேசியதைத்தான் இங்கிலீஷில் பேசினேன். இன்டர்வியூ எடுத்தவர் தேர் உவமையை எழுதி வைத்துக்கொண்டார். வேலை உனக்கே என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. சேருகிற அன்று கியர் வைத்த கார் ஓட்டுகிற லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு அடுத்து இருக்கிறவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

என்னிடம் ஓட்டிப் பழகுவதற்கான எல்.எல்.ஆர். மட்டும்தான் இருந்தது. அதையும் சும்மா எடுத்து வைத்திருந்தேன்.

அதைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. அப்பா மில் வாசலில், சலூனில், ரேஷன் கடையில் சொல்லி முடித்துவிட்டார். "கம்பெனிக்காரன் செஞ்ச காரு சரியா தப்பான்னு எம் மக ஓட்டிப் பாத்துச் சொல்லணும். அவ சொன்னாத்தான் வெளிய விடுவான்." எதிரில் நிற்கிறவர் நம்பாமல் பார்த்தால் இன்னொரு முறை சொல்வார்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக் கொடுத்தவர் நல்ல மனிதர், அவசரக்காரர். அந்தக் காரில் அவர் பக்கமும் கிளட்ச்சும் பிரேக்கும் உண்டு. "ஸ்டீரிங்க மட்டும் பாரும்மா, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஸ்டீரிங்கில் எனக்கு என்ன குறை? முதல் நாளே கை பதறாமல் திருப்பினேன். நிறுத்தச் சொன்னால் என் இடது கால் போய் மிதிக்கும், வண்டி அழகாக நிற்கும். கிளம்பச் சொன்னால் வலது கால் மிதிக்கும், வண்டி அழகாகக் கிளம்பும். "பொறவியிலேயே டிரைவர்ம்மா நீ" என்றார். நான் நம்பினேன்.

அந்தக் கார்தான் உண்மையான ஹைப்ரிட் என்பது எனக்கு டெஸ்ட் அன்று தெரிந்தது. பாதி நான் ஓட்டியிருக்கிறேன், மீதி அவர்.

டெஸ்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஸ்கூல்காரரை இறங்கச் சொன்னார். வண்டியைக் கிளப்பினேன். ஒரு முறை குலுங்கி அணைந்தது, மறுமுறை குலுங்கிக் கிளம்பியது. சரி, பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். மைதானத்தைச் சுற்றி வந்தேன். "அந்த வெள்ளைக் கல்லுக்கு முன்னால நிறுத்தும்மா" என்றார்.

என் இடது கால் முழு பலத்தோடு போய் மிதித்தது. ரேஸ் ரோட்டில் எத்தனையோ வளைவுகளில் என்னைக் காப்பாற்றிய கால். ஆனால் அங்கே இருந்தது கிளட்ச். இன்ஜினிலிருந்து கழன்ற வண்டி நிற்காமல் சுகமாக உருண்டது. நான் இன்னும் அழுத்தி மிதித்தேன். கல்லின் மேல் முன்சக்கரம் ஏறுகிற நேரத்தில் இன்ஸ்பெக்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார்.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். பிறகு என் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, கிளட்ச்ச மிதிச்சா வண்டி நிக்குமா?"

"நிக்காது சார்."

"தெரியுதுல்லா? பொறவு ஏன் மிதிச்ச?"

அவருக்கு எதைச் சொல்வது? இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று போர்டில் வரைந்து காட்டுவேன் சார், இந்த ஒற்றைக் கிளட்ச்தான் எனக்குத் தெரியவில்லை என்றா? வரிசையில் நின்ற பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்.

அடுத்த டெஸ்ட்டுக்கும் வேலையில் சேருவதற்கும் நடுவில் நாள் அதிகம் இல்லை. அதிலும் தவறினால் இன்னொன்றுக்கு நேரம் கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா, "அம்புட்டுத்தான? திரும்பப் போலாம்லா?" என்றார். அவ்வளவு லேசாகச் சொன்னவர், மறுநாள் மில் வாசல் டீக்கடைக்குப் போகவில்லை. அம்மாதான் பிறகு சொன்னாள், கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டதற்கு லைசென்ஸ் தபாலில் வருகிறது என்று சொல்லிவிட்டாராம். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். தபால் வரும்வரை யாரிடமும் மாட்டக் கூடாது என்றுதான் டீக்கடையை விட்டிருக்கிறார். எனக்கு வேலை போகிற கவலை ஒரு பக்கம் என்றால், அப்பா டீ குடிக்காமல் நேராக வீட்டுக்கு வருகிற சத்தம் இன்னொரு பக்கம்.

ஞாயிறு வரை காத்திருக்க முடியாமல் டெஸ்ட்டில் தவறிய அன்று மாலையே அண்ணாச்சி கடையில் விசாரணை நடந்தது.

"எடது காலு பிரேக்குன்னு இந்தப் புள்ளைக்குச் சொன்னது யாரு?" என்று ஆரம்பித்தான் அண்ணன்.

"ரேசுக்குச் சொன்னேன்லே. ரோட்டுக்கா சொன்னேன்?"

"அண்ணாச்சி, நீங்க பேசுதது எல்லாம் ரேசு. வீட்டுல மதினியோட ஸ்கூட்டியத்தான ஓட்டுதிய?"

"நீ ஒழுங்காலே? இம்புட்டு வருசம் பஸ்ஸு ஓட்டுத. தங்கச்சிய ஒருநா ஒக்கார வச்சி கிளட்ச்சு இதுதான்னு காட்டினியா?"

"எட்டி, எம் பஸ்ஸுல எம்புட்டு தடவ ஏறியிருக்க? மூணு பெடல் கண்ணுல படவே இல்லையா?"

"நான் டிக்கெட் எடுத்துட்டு உக்காருத ஆளுண்ணே. உன் காலயா பாத்துட்டு வருவேன்?"

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு மட்டும் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அண்ணன் அதைப் பார்த்ததும் சட்டென்று எழுந்துபோய்க் கடையின் மூலையில் நின்ற அண்ணாச்சியின் பழைய சின்னக் காரின் சாவியை ஆணியிலிருந்து எடுத்தான். அண்ணாச்சியிடம் கேட்கக்கூட இல்லை. அவரும் காரின் மேல் போட்டிருந்த கறுப்புத் துணியை உருவி மடித்து வைத்தார்.

மறுநாளிலிருந்து காலையில் அய்யனார் கோவில் ரோட்டுக்குப் போனோம். இரண்டு பக்கமும் மாந்தோப்பு, எதிரே மலை. மயிலைத் தவிர ரோட்டைக் கடக்க யாரும் இல்லை. நான் ஓட்டினேன். பக்கத்தில் அண்ணன், பின்னால் அண்ணாச்சி. கார் தவளை மாதிரி போனது.

"சத்தத்தக் கேளுட்டி, சத்தத்த. இன்ஜின் எறங்குதுல்லா, இப்போ குடு."

"சத்தத்த விடும்மா. பெடல் காலுக்கு என்ன சொல்லுதுன்னு பாரு."

"சத்தந்தான் அண்ணாச்சி சொல்லும். பெடலுக்கு வாயா இருக்கு?"

"உன் இத்தாலிக்காரனுக்கு வாய் மட்டுந்தாம்லே இருக்கு."

"இந்த எடத்துல ஆரம்பிக்காதீங்க—"

நான் சொல்லி முடிப்பதற்குள் வண்டி அணைந்தது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்து, ரெண்டு பேரையும் கீழே இறங்கச் சொன்னேன்.

"லைசென்ஸ் உள்ள ஆளு பக்கத்துல இருக்கணும்ட்டி" என்றான் அண்ணன்.

"ரோட்ட விட்டு இந்தத் தோப்புக்குள்ள எடுத்துக்கிடுதேன். அங்கேருந்து பாத்துக்கோ."

தெரிந்தவர் தோப்புதான். மாமரங்களுக்கு நடுவே டிராக்டர் போகிற நீண்ட மண்பாதை. அவர்கள் இரண்டு பேரும் ரோட்டில் இருந்த சின்னப் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தார்கள். வண்டிக்குள் சத்தமே இல்லை. முதல் முறையாக நானும் அந்தக் காரும் மட்டும்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் யோசித்தேன். எங்கள் மூன்று கார்களிலும் கிளம்புகிற நொடியில் என்ன நடக்கிறது? இன்ஜினுக்குக் குறைந்த வேகத்தில் தெம்பு போதாது. அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது. கிளட்ச்சை எப்போது, எவ்வளவு சேர்ப்பது என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. இந்தக் காரில் மோட்டாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. டிரைவிங் ஸ்கூல்காரரும் இல்லை. அப்படியென்றால் அந்த வேலை முழுவதும் என் இடது காலுக்கு. அது பிரேக்கும் அல்ல, வெறும் சுவிட்சும் அல்ல. நானோ இத்தனை நாளும் ஆன், ஆஃப் என்று அதைச் சுவிட்ச் போலப் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை. முதல் கியர் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை மிக மெதுவாக எடுத்தேன். ஒரு இடத்தில் இன்ஜினின் குரல் ஒரு சுருதி இறங்கியது. அதே நொடியில் பெடல் உள்ளங்காலில் மெல்ல அதிர்ந்தது. வண்டியின் மூக்கு ஒரு நூல் நிமிர்ந்தது. காலை அங்கேயே நிறுத்தினேன். கார் தானாக, ஒரு மாடு நடப்பது போல, நகர்ந்தது.

திரும்பக் கிளட்ச்சை மிதித்து, பிரேக் போட்டு நிறுத்தினேன். வலது காலால்தான். திரும்ப எடுத்தேன். சத்தம் முதலில் வந்ததா, பெடலில் அதிர்வு முதலில் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே செய்தி. அண்ணன் காதால் கேட்டதை அண்ணாச்சி காலால் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். தோப்பின் கடைசி வரை போய், திரும்பி, மறுபடி போனேன். பெட்ரோல் வாசனையும் மாம்பூ வாசனையும் சேர்ந்து அடித்தது. பாதையில் ஒரு மேடு இருந்தது. அதன் மேல் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளம்பிப் பார்த்தேன். முதலில் உருண்டது. பிறகு உருளவில்லை. வேகமாகப் போகவே தோன்றவில்லை. இவ்வளவு மெதுவாகப் போவதில் இவ்வளவு இருக்கிறது என்று எந்த வீடியோவிலும் யாரும் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மாவடுவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். குலுங்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் சொன்னதைக் கேட்டு இப்படி ஓட்டினேன் என்று அறிந்தாக வேண்டும் அவர்களுக்கு.

"அண்ணாச்சி, பிரேக்கப் பத்தி நீங்க சொன்னது சரிதான்" என்றேன். "காலுக்குத் தெரியுது. நடுவுல வேற எதாவது புகுந்தா எனக்கும் கோவம் வரும்."

அவர் மாவடுவை விழுங்கிவிட்டு, யாரோ தனக்கு மாலை போட்டதுபோல நிமிர்ந்தார். "அப்போ ஜெர்மன்காரன விட்டுட்டியா?"

"அதெல்லாம் நடக்காது. அவனும் காலுக்குத் தெரியாம அதச் செய்யக் கத்துக்கிடுவான். நான் போய்ச் செய்ய வைக்கேன்."

"பாரேன், திமிர" என்றான் அண்ணன். அவன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரியும்.

டெஸ்ட் வரை தினமும் போனோம். இடது கால் சில சமயம் பழைய புத்தியில் பிரேக்கைத் தேடி நகரும். நான் அதைப் பிள்ளையைக் கையைப் பிடித்து உட்கார வைப்பதுபோல உட்கார வைப்பேன். பின்னறை விளையாட்டு வண்டியின் பக்கமே போகவில்லை. அண்ணாச்சி அதன் ஸ்டீரிங்கில் துண்டைப் போட்டு மூடி வைத்துவிட்டார்.

டெஸ்ட் அன்று அண்ணன் பஸ்ஸுக்கு மாற்று ஆள் போட்டுவிட்டு வந்தான். அண்ணாச்சி கடையைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். பார்த்தால் எனக்குப் பதற்றம் வருமாம்.

அதே இன்ஸ்பெக்டர். ஏறி உட்கார்ந்ததும் முதலில் என் கால்களைத்தான் பார்த்தார்.

"கல்லு மேல ஏறுன புள்ளதான நீ?"

"ஆமா சார்."

"இன்னைக்கு எந்தக் காலு?"

"வலது கால் சார்."

சுற்றி வந்தேன். எட்டுப் போட்டேன். கியர் மாறும்போது அவர் தலை அசைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன், அசையவில்லை. வெள்ளைக் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். வெளியே போகிற சரிவில் பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார். அது மற்றவர்களுக்குச் சொல்லாதது. பின்னால் ஒரு ஸ்கூல் கார் ஒட்டி நின்றது. கிளட்ச்சை எடுத்தேன். குரல் இறங்கியது, பெடல் அதிர்ந்தது, மூக்கு நிமிர்ந்தது. பிரேக்கை விட்டேன். வண்டி ஒரு விரல்கடைகூடப் பின்னால் போகவில்லை.

"போம்மா, போ" என்றார். "பாஸுதான். லைசென்ஸு எதுக்கு, வேலைக்கா?"

சொன்னேன். ஹைப்ரிட் கார் என்றதும் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் கார்ல கிளட்ச் இருக்காதே?" என்றார்.

"இருக்காது சார்."

அவர் சிரித்தபோது மரத்தடியில் நின்ற இரண்டு முதுகும் திரும்பின.

அண்ணாச்சியின் காரில் ராஜபாளையம் வந்தோம். நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் இரண்டு பேரும் பாஸ் ஆனது சத்தத்தாலா பெடலாலா என்று சண்டை போட்டார்கள். கடைவரை போகவில்லை. மில்லில் ஷிப்ட் முடிகிற நேரம். வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். சங்கு ஊதியது. கூட்டத்தோடு அப்பா வெளியே வந்தார். தலையில் பஞ்சு, தோளில் துண்டு. டீக்கடைப் பக்கம் பார்க்காமல் ரோட்டின் மறு ஓரமாக நடந்தார்.

"அப்பா" என்று கூப்பிட்டேன்.

ஸ்டீரிங்குக்குப் பின்னால் என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அண்ணன் முன்சீட்டை விட்டு இறங்கி, பின்னால் போய் அண்ணாச்சியோடு உட்கார்ந்தான்.

"பக்கத்துல லைசென்ஸ்காரன் இருக்கணும்லா?" என்று அண்ணாச்சி கிசுகிசுத்தார்.

"அதான் பாஸ் பண்ணிட்டால்லா. செத்த நேரம் வாய மூடுங்க அண்ணாச்சி."

அப்பா துண்டால் உடம்பிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு ஏறினார். கதவை இரண்டு முறை சாத்திப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினேன். டீக்கடை முன்னால் அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழங்கையை வெளியே வைத்தார்.

"எதுக்கு இந்த வேகம்?" என்றார், நேராக ரோட்டைப் பார்த்தபடி. "மெதுவாப் போ. எல்லாரும் பாக்கட்டும்."

முதல் கியருக்கு இறக்கி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். கடை வாசலை நாங்கள் நடக்கிற வேகத்தில் கடந்தோம்.